ஏணிக்கு முன்னால் ஒன்றே முக்கால் மணி நேரம்

பேருந்துப் பணிமனையில் அவளை எல்லோரும் நிமிஷக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பி எந்த நிறுத்தத்தை எப்போது தொட வேண்டும் என்று அட்டவணை போடுவது அவள் வேலை. ஒரு வண்டி இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவில் நான்கு நிமிஷம் கூடுதலாக எடுத்துக்கொண்டால் மற்றவர்கள் ஓட்டுநரைத் திட்டுவார்கள். நிமிஷக்கா அந்த வண்டியிலேயே ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்து, அந்த நான்கு நிமிஷம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவாள்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் அவளுடைய நாத்தனார் இவர்கள் வீட்டுக்கு வந்தாள். கணவரின் ஒரே தங்கை, மருந்துக்கடையில் வேலை. வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணி, இந்த ஞாயித்துக்கிழமை மலையைச் சுத்திட்டு வரலாமா? நீங்களும் நானும் மட்டும்."

துணி காயப்போடும்போதெல்லாம் கண்ணில் படுகிற மலைதான். அடிவாரத்து வாசலில் தொடங்கி மலையை ஒரு வட்டமடித்து அதே வாசலுக்கே வந்து சேரும் பத்தொன்பது கிலோமீட்டர் பாதை. வழியில் எண் போட்ட ஆறு கற்கள். வாரக்கடைசியில் ஊரே திரண்டு போகும். நிமிஷக்கா ஒருமுறைகூடப் போனதில்லை.

"திடீர்னு என்ன மலை?"

"சும்மாதான்."

சும்மா என்ற சொல்லை நிமிஷக்கா ஒருநாளும் நம்பியதில்லை. பதினோரு வருஷத்தில் இருவரும் சேர்ந்து கடைத்தெருவைத் தாண்டிப் போனது கிடையாது. உள்ளே ஏசி மெஷின் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த கணவர், "என்னைக் கழட்டி விட்டுட்டீங்களா?" என்றார். "நீங்க முதல்ல அங்க கழட்டினதைத் திரும்ப மாட்டுங்க" என்றாள் நிமிஷக்கா. ஆனாலும் மனசுக்குள் கேள்வி குடைந்தது. ஏன் இப்போது? ஏன் நாங்கள் இருவர் மட்டும்?

அதற்கு விடை கிடைக்காததால் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டாள். சாப்பாட்டு மேஜையில் பெரிய தாளை விரித்தாள். மலைக்குப் போய்வந்தவர்கள் இணையத்தில் எழுதி வைத்திருந்த குறிப்புகளில் பதினேழு பேருடையதைத் தேர்ந்தெடுத்து, எந்தக் கல்லை எத்தனை மணிக்குத் தாண்டினார்கள் என்று கட்டம் போட்டு எழுதினாள். எல்லோரும் இடது பக்கமாகவே சுற்றியிருந்தார்கள். எல்லாம் சரியாகத்தான் வந்தது, நான்காம் கல் வரைக்கும். நான்காம் கல்லிலிருந்து ஐந்தாம் கல்லுக்கு இரண்டே கிலோமீட்டர். அதற்குப் பதினேழு பேரும் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம் எடுத்திருந்தார்கள்.

வேகமாக நடக்கிறவர்களும் அவ்வளவுதான், ஊர்கிறவர்களும் அவ்வளவுதான். பாதையின் வரைபடத்தில் பெரிய ஏற்றமும் இல்லை. ஒருவர் மட்டும், "இங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும்" என்று எழுதியிருந்தார். எதற்குப் பொறுமை என்று அவரும் சொல்லவில்லை.

மறுநாள் மலை வழித்தடத்து ஓட்டுநரைப் பிடித்தாள். "நான் வாசலோட சரிக்கா. இறக்கி விடுவேன், ஏத்திட்டு வருவேன். உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் அவர். பிறகு வனத்துறை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். எடுத்த குமாஸ்தாவுக்கு ஏதோ அவசரம்.

"நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல என்ன சார் இருக்கு?"

"ஏணி இருக்கும்மா. இரும்பு ஏணி. பாறையில செங்குத்தா இறங்கணும். ஒரு நேரத்துல ஒருத்தர்தான்."

"எத்தனை படி சார்?"

"இருபத்தெட்டோ என்னமோ. எண்ணினவன் யாரு?"

நிமிஷக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்த ஒன்றே முக்கால் மணி நேரம் நடை இல்லை, வரிசை! எல்லோரும் முதல் வண்டியில் வந்து ஒரே நேரத்தில் கிளம்பி, ஒரே நேரத்தில் ஏணிக்கு மேலே போய்க் குவிகிறார்கள். "வலது பக்கமா சுத்தினா என்ன சார்?" என்று கேட்டாள். "தாராளமா. ஆனா ஏணியில ஏறுறது காலைல ஒன்பது மணி வரைக்கும்தான். அப்புறம் இறங்குறவங்களுக்கு மட்டும்" என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார். வலது பக்கமாகப் போனால் ஏணி ஆறு கிலோமீட்டரில் வந்துவிடும். எட்டரைக்குள் ஏறிவிடலாம். காத்திருக்கவே வேண்டாம்.

தாளைச் சுருட்டிக்கொண்டு நேரே மருந்துக்கடைக்குப் போனாள். இருமல் மருந்து வாங்கியவர் நகர்ந்ததும் அதைக் கவுன்டர்மேல் விரித்து, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். நாத்தனார் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ இறங்க வேண்டாமா? ஏறினா போதுமா?"

"ஏறினா போதும். இருபத்தெட்டு படி."

"முப்பத்தொண்ணு அண்ணி."

நிமிஷக்கா நிமிர்ந்து பார்த்தாள். நாத்தனார் மாத்திரை அட்டைகளை அடுக்க ஆரம்பித்தாள். அடுக்கியிருந்ததையே மறுபடியும் அடுக்கினாள். பிறகு மெல்லச் சொன்னாள். நாலு வருஷத்துக்கு முன்னால், பழைய கடையில் கூட வேலை பார்த்தவர்களோடு அவள் போயிருக்கிறாள். ஏணிக்கு மேலே அவள் முறை வந்தது. கம்பியைப் பிடித்தாள். கால் கீழே போக மறுத்துவிட்டது.

"மேல நின்னு படியை மட்டும் எண்ணிட்டே இருந்தேன். பின்னாடி நாப்பது பேர். ஒருத்தர் 'சீக்கிரம்மா'ங்கிறார், இன்னொருத்தர் சிரிக்கிறார். இருபது நிமிஷம் நின்னுருப்பேன் அண்ணி. அப்புறம் தனியா வந்த வழியே பதிமூணு கிலோமீட்டர் திரும்பி நடந்தேன். எதிர்ல வந்தவங்க எல்லாரும் 'என்னாச்சு'ன்னு கேட்டாங்க. கால் சுளுக்குன்னு சொன்னேன். வீட்டுலயும் அதையேதான் சொன்னேன்."

அந்தச் சுளுக்குக்குத் தைலம் தேய்த்துவிட்டது நிமிஷக்காதான். அடுத்த மாதமே நாத்தனார் கடை மாறியதும் நினைவுக்கு வந்தது.

"சரி, என்னை எதுக்குக் கூப்பிட்டே?"

"நீங்க நூறு தடவை ஏன்னு கேப்பீங்க. ஆனா ஒரு தடவைகூடச் சீக்கிரம்னு சொல்ல மாட்டீங்க."

ஞாயிற்றுக்கிழமை வாசலில் கூட்டம் மொத்தமும் இடது பக்கம் திரும்ப, இவர்கள் இருவர் மட்டும் வலது பக்கம் நடந்தார்கள். பனி விலகாத பாதை. எட்டு இருபதுக்குப் பாறை தெரிந்தது. கீழிருந்து பார்க்க ஏணி அப்படியொன்றும் பயங்கரமாக இல்லை. ஒரு மாடி வீட்டுக்குச் சாத்தி வைத்ததுபோல இருந்தது. நாத்தனார் ஒரு நிமிஷம் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். பாறையைப் பார்த்தபடியே ஏறினாள்; ஒரே மூச்சில் மேலே போய்ச் சேர்ந்தாள்.

மாட்டிக்கொண்டது நிமிஷக்கா. பாதி ஏறியவள், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று பார்க்கக் கீழே குனிந்தாள். அவ்வளவுதான். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. மேலே இடது பக்கமாக ஓடியே வந்துவிட்ட ஒருவன், இறங்குவதற்காக வந்து நின்றான்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று அவன் கேட்டது காதில் விழுந்தது.

"ஆகுற நேரம் ஆகும். உக்காருங்க" என்றாள் நாத்தனார். பிறகு பாறையில் குப்புறப் படுத்து, தலையை மட்டும் நீட்டினாள். "அண்ணி, அந்தப் பாறையில என்ன நிறம் இருக்குன்னு சொல்லுங்க."

"என்ன?"

"பாறை. உங்க மூக்குக்கு நேரா."

நிமிஷக்கா பார்த்தாள். சாம்பல் நிறத்துக்கு நடுவில் துரு மாதிரி ஒரு கோடு. அதற்குள் பச்சையாகப் பாசி. "ஏன் இது மட்டும் சிவப்பா இருக்கு?" என்று தன்னையறியாமல் கேட்டாள். "மேல வந்து கேளுங்க" என்றாள் நாத்தனார். அடுத்த படியில் கால் தானாகவே ஏறியது.

மேலே போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகுதான் இருவருக்கும் சிரிப்பு வந்தது. படிகளை எண்ண இருவருமே மறந்துவிட்டார்கள்.

ஒன்பதரை மணியிலிருந்து எதிரே கூட்டம் வரத் தொடங்கியது. நூற்றுக்கணக்கான முகங்கள். ஆளாளுக்கு "ஏணி இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்கள். இரண்டாம் கல்லுக்குப் பக்கத்தில், தன் கூட்டத்துக்கு வெகுவாகப் பின்தங்கி வந்த ஓர் அம்மா நின்றார். ஐம்பத்தைந்து வயசு இருக்கும்.

"ஏணி ஒண்ணு இருக்காமே? கஷ்டமா?"

நாத்தனார் அவர் அருகில் போனாள். "செங்குத்தா இருக்கும்மா. போய்ப் பாருங்க. முடியலேன்னா திரும்பி வந்துடலாம், ஒண்ணும் தப்பில்ல. நான் ஒரு தடவை பயந்து திரும்பி வந்திருக்கேன்."

அண்ணியைத் தவிர யாரிடமும் சொல்லாததை முன்பின் தெரியாதவரிடம் சொல்லிவிட்டு, அவள் பாட்டுக்கு நடந்தாள்.

வாசலுக்கு வரும்போது மணி மூன்று. மூன்று பத்து வண்டி நின்றுகொண்டிருந்தது. நிமிஷக்கா ஏறப்போனாள்.

"அண்ணி, அந்த அம்மா இறங்கியிருப்பாங்களா?"

வண்டி போய்விட்டது. இரண்டு பாதையும் தெரிகிற மாதிரி ஒரு பெஞ்சைப் பார்த்து உட்கார்ந்தார்கள். வலது பக்கமாக வந்தால் சுற்றி முடித்தவர். இடது பக்கமாக வந்தால் திரும்பியவர். நாலு பத்து வண்டியும் போனது. அந்த அம்மாவின் கூட்டத்தார் வலது பக்கமாக வந்து சேர்ந்தார்கள், அவரைக் காணோம்.

நாலே முக்காலுக்கு அவர் இடது பக்கமாக, தனியாக, தொப்பியால் விசிறிக்கொண்டே வந்தார். இவர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார்.

"பார்த்தேன். அப்பாடி, என்ன உயரம்! நம்மால ஆகாதுன்னு திரும்பிட்டேன். அந்தப் பக்கம் எப்படி இருக்கும்? கீழேருந்து பார்த்தா என்ன தெரியும்?"

நாத்தனார் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். பாறையிலிருந்த சிவப்புக் கோட்டிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.