துடைக்கக் கூடாத கண்ணாடி

பெட்டியைத் திறக்கவே கூடாது என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். வானாய்வு நிலையத்தின் இயக்குநர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"சேர்மன் இவ்வளவு தூரம் வர்றார். வெறும் இரும்புப் பெட்டியையா காட்டுறது? மூடியைக் கழட்டி வைம்மா."

அந்த இரும்புப் பெட்டி ஒரு நிறமாலைமானி. தொலைநோக்கி பிடித்துத் தரும் ஒளியைப் பிரித்து, அது புறப்பட்ட இடத்தில் என்னென்ன இருக்கிறது என்று காட்டும் கருவி. ஒளியியல் பொறியாளரான அவள் நான்கு வருடம் அதோடு மல்லுக்கட்டியிருந்தாள். அதன் உயிர் உள்ளே இருந்து ஒளியைப் பிரிக்கும் கீற்றணி. உள்ளங்கை அகலக் கண்ணாடி. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான கோடுகள். தூசி விழுந்தால் மெல்ல ஊதலாம், அவ்வளவுதான். துணி பட்டால் கதை முடிந்தது.

நிலையத்தின் ஆட்சிக்குழுத் தலைவரான சேர்மன் ஒரு பட்டாளத்தோடு வந்தார். மூடி கழன்றதும் கண்ணாடி வானவில்லாக மின்னியது. "அட, அழகா இருக்கே" என்று குனிந்தவர் ஓரத்தில் ஒரு தூசியைக் கண்டார்.

"இதைக்கூடத் தொடைக்காம வச்சிருக்கீங்களே" என்றபடி கைக்குட்டையை எடுத்து, சாப்பாட்டு மேசையைத் துடைப்பதுபோல் ஒரே இழுப்பாக இழுத்தார். அவள் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடிப்பதற்குள் காரியம் கெட்டுவிட்டது. வானவில்லின் குறுக்கே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை.

யாரும் கண்ணாடியைப் பார்க்கவில்லை. எல்லோரும் சேர்மனின் மணிக்கட்டைப் பிடித்திருந்த அவள் கையைத்தான் பார்த்தார்கள்.

மாலையில் இயக்குநர் அவளை அறைக்கு அழைத்தார்.

"சேர்மன் கையையே புடிச்சு இழுக்கிற. நாளைக்கே போய் மன்னிப்புக் கேளு."

"கீற்றணி போச்சு சார்."

"அதை அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல மன்னிப்பு."

அவள் வெளியே வந்தாள். நடைவழியில் வாலு நின்றிருந்தாள். வால்நட்சத்திரங்களை ஆராய்பவள் என்பதால் நிலையத்தில் எல்லோருக்கும் அவள் வாலுதான்.

"அக்கா, அடுத்த வாரம் என் ஆளு சூரியனைச் சுத்திட்டு வெளிய வருது. கருவி ரெடிதானே?"

புதுக் கீற்றணி வர எட்டு மாதமாவது ஆகும். இந்த வால்நட்சத்திரமோ ஒருமுறை போனால் போனதுதான். விஷயத்தைக் கேட்ட வாலு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆறு வருடமாக அவள் காத்திருந்தது இதற்காகத்தான்.

வீட்டில் அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். "கெடுத்தவருக்குக் கும்பிடு, தடுத்தவ மன்னிப்புக் கேக்கணுமாம்."

"கேக்காதே" என்றான் கணவன். "வேலை போனா போகட்டும்."

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. வேலையும் போகவில்லை, அதைவிட மோசமாக ஒன்று நடந்தது. கருவியைப் பொருத்தும்போது பொறியாளரின் கவனக்குறைவால் பழுதாகிவிட்டது என்று இயக்குநர் ஆட்சிக்குழுவில் சொல்லப்போவதாக அவள் காதுக்கு வந்தது. கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது, யாரும் கூப்பிடாமலே கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

"சார், அன்னிக்கு நீங்க கைக்குட்டையால தொடச்சீங்களே, அதுலதான் கீற்றணி போச்சு. பழியை என் தலையில கட்டுறாங்க. அது உங்களுக்குத் தெரியுமா?"

சேர்மன் விழித்தார். "நான் தொடச்சதாலயா? என்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே."

அவர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார்.

"சரி விடும்மா. கண்ணாடிதானே, வேற வாங்கிடலாம்."

அந்த 'தானே' அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. "கண்ணாடியை வாங்கலாம் சார். வால்நட்சத்திரத்தை எந்தக் கடையில வாங்குறது?" என்றாள். வாலுவின் ஆறு வருடத்தையும் சொன்னாள்.

சேர்மன் கூட்டக் குறிப்பு எழுதுபவரிடம் திரும்பி, "தப்பு என்னோடதுன்னே எழுதிக்குங்க" என்றார்.

அவள்மேல் இருந்த பழி போயிற்று. இயக்குநர் அதே நாற்காலியில்தான் இருந்தார். அவள் எதிரே வந்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். புதுக் கீற்றணி வந்தபோது கதவைத் தாழிட்டுக்கொண்டு பொருத்தினாள். திறப்பு விழா வைக்கலாமா என்று கேட்டு ஆள் அனுப்பினார்கள். "மூடியைத் திருகினப்புறம் யார் வேணா வரட்டும்" என்று சொல்லி அனுப்பினாள்.

வாலு அதற்குள் வேறு நிலையத்துக்குப் போய்விட்டாள். வால்நட்சத்திரமும் அவர்கள் தொலைநோக்கிக்கு எட்டாத தூரத்துக்குப் போயிருந்தது.