இரண்டு கைகள், ஓர் அம்புக்குறி

அலுவலகப் படிக்கட்டில் சறுக்கிக் காலை உடைத்துக்கொண்டதிலிருந்து சோடாவின் உடம்பு ஓரிடத்திலும் வேலை வேறோரிடத்திலும் இருந்தன. சோடா என்பது மூக்குக்கண்ணாடியின் தடிமனால் வந்த பெயர். உடம்பு வீட்டுக் கட்டிலில் மாவுக்கட்டோடு கிடந்தது. வேலை அலுவலகத்தில், அவன் மேஜைக்கடியில் இருந்த கனத்த கம்ப்யூட்டருக்குள்.

கட்டாத கட்டடத்துக்குள் நடந்துபார்க்கிற மாதிரி படம் செய்துதரும் அலுவலகம் அது. அந்தக் கம்ப்யூட்டரின் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் ஒரு ஜன்னலில்கூட வெயில் விழாது. வீட்டு லேப்டாப் வெறும் சாவித்துவாரம். இங்கே மவுஸை அசைத்தால் அங்கே அம்புக்குறி ஓடும்.

ஒரே ஒரு வம்பு. அங்கே மானிட்டரை அணைத்தால், பார்க்க ஆளில்லையென்று கார்டு கோபித்துக்கொண்டு படுத்துவிடும். அதனால் திரை எரிந்துகொண்டே இருந்தது. காலி நாற்காலிக்கு முன்னால் நூலகம் ஒன்று தானாக வளர்ந்தது. பேய்தான் வரைகிறது, அதுவும் சம்பள உயர்வு கேட்காத பேய் என்று மேனேஜர் மகிழ்ந்தார்.

பேய்க்குக் காவல் நண்பன். கல்லூரியிலிருந்து இந்த அலுவலகம்வரை கூட வருபவன். அந்தக் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு அவனிடமும் இருந்தது. "மாப்ள, ரீஸ்டார்ட் பண்ணு" என்று சோடா சொல்வதற்காக மைக்கும் ஸ்பீக்கரும் மாட்டிவைத்தவனும் அவன்தான்.

நூலகத்தை வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டால், செய்தவன் புது அணிக்குத் தலைவன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வாடிக்கையாளர் பார்க்க வரும் நாள் மட்டும் குறிக்கவில்லை. அப்படித்தான் நண்பன் சொன்னான்.

"இன்னிக்கு கட்டு பிரிக்கிற நாள்தானே? கம்ப்யூட்டர மறந்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போடா. நான் இருக்கேன்ல."

டாக்டர் விடுப்பில் இருந்தார். அக்கா தம்பியை ஆட்டோவில் மடித்துத் திரும்பக் கொண்டுவந்து கட்டிலில் போட்டாள். சோடா லேப்டாப்பைத் திறந்தான்.

நூலகம் ஏற்கெனவே திறந்திருந்தது, பின்பக்கமாக. திரை முழுக்கக் கழிவறைக் குழாய்கள். மைக்கில் குரல்கள் வந்தன.

"படிக்கட்டுல வெயில் இறங்கும்னு சொன்னீங்களேப்பா?" ஒரு பெண்மணி. வாடிக்கையாளர்.

"இதோ காட்டறேங்க." நண்பன்.

குழாய்கள் சுழன்றன. பிறகு அதே குழாய்கள்.

"மாப்ள, என்னடா பண்ற?" என்றான் சோடா. அங்கே யாருக்கும் கேட்கவில்லை. நண்பன் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிவைத்திருந்தான். மைக்கை மறந்துவிட்டான்.

"சரி, இன்னொரு நாள் பாக்கலாம்." நாற்காலி நகரும் சத்தம்.

சும்மா இருந்தால் நண்பன் மாட்டிக்கொள்வான். நூலகமும் குழாயோடு முடிந்துபோகும். சோடாவுக்கு நண்பன் மேல் வந்த கோபத்தைவிட அந்தக் குழாய்கள் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. அவன் மவுஸைப் பிடித்தான்.

சுவரைச் சுற்றி, வாசல் வழியாக உள்ளே போய், மெதுவாக நிமிர்ந்து, வெயில் படிப்படியாக இறங்கும் இடத்தில் நிறுத்தினான்.

நாற்காலி மறுபடி நகர்ந்தது. பெண்மணி உட்கார்ந்துவிட்டார்.

"அடேயப்பா, கைய பாருங்க மேடம். வெண்ணெய்ல கத்தி போற மாதிரி" என்றார் மேனேஜர்.

"இந்த வெளிச்சம் யாரோட யோசனை?" என்று கேட்டார் பெண்மணி.

அம்புக்குறி ஏன் தானாக ஓடியது என்று நண்பனுக்குத் தெரியாமல் இருக்க நியாயமில்லை.

"என்னோடதுங்க" என்றான், வெட்கப்படுகிற குரலில். அந்த வெட்கத்தைத்தான் சோடாவால் தாங்க முடியவில்லை.

"உங்ககூட இன்னொருத்தர் இருந்தாராமே?"

"அவன் பாவங்க, கால் உடைஞ்சு கெடக்கான். கதவு, ஜன்னலுக்கெல்லாம் கலர் அடிச்சான்."

மேனேஜர் சிரித்தார். பேய் யாராக இருந்தாலும் அவருக்கு ஒப்பந்தம் முடிந்தால் சரி. பெண்மணி கையெழுத்து எங்கே போடணும் என்று கேட்டார். காலடிகள் மேனேஜரின் கண்ணாடி அறைக்குப் போயின. ஒருவன் மட்டும் போகவில்லை. மூச்சு மைக்கை நெருங்கியது.

"மாப்ள… இருக்கியா? நாளைக்கு அவங்க குழுவே வருதாம். இதே மாதிரி கொஞ்சம் வந்துட்டுப் போடா. நீயில்லாம நானில்ல."

"யாருடா அது, அவ்வளவு உரிமையா கூப்பிடறது?" என்றாள் அக்கா, தண்ணீரோடு வந்தவள்.

"என் நாற்காலில ஒருத்தன் உக்காந்திருக்கான்க்கா."

பாஸ்வேர்டு மாற்றும் பெட்டியைத் திறந்தான். பழையதைக் கேட்டது. கொடுத்தான். புதியதைக் கேட்டது.

அக்கா டம்ளரை நீட்டியபடி திரைப்பக்கம் குனிந்தாள். சோடா எழுத்துப்பலகையை இடது கையால் மறைத்துக்கொண்டு தட்டினான்.