ஏழு நாக்குகள்

எங்கள் பட்டறையில் அந்த இயந்திரக் கைக்கு மாமியார் என்று பெயர். வைத்தவன் நான்தான். உலையிலிருந்து சிவந்து வரும் இரும்புத் துண்டை எடுத்துப் பிரஸ்ஸில் வைப்பாள். பிரஸ் ஓங்கி ஒரு அடி அடித்ததும் அது குழாய் வளையமாகிவிடும். அதை எடுத்து மேசைமேல் வைப்பாள். பிறகு அடுத்தது. அவளுக்குக் களைப்பு கிடையாது, டீ கிடையாது, திருப்தி என்பதே கிடையாது. மேசையிலிருக்கும் வளையம் நகரக் கொஞ்சம் தாமதமானால்கூட அடுத்ததைக் கையில் பிடித்தபடி முறைத்துக்கொண்டு நிற்பாள்.

மேசை காலியா இல்லையா என்று அவளுக்குச் சொல்வது ஓர் ஒளிக்கண். மேசை ஓரத்துக் கம்பத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். அதன் எதிரே ஏதாவது மறைத்தால் அவள் காத்திருப்பாள். வெளியே பொத்தான் பலகையில் மஞ்சள் விளக்கு எரியும். மறைப்பு விலகினால் அந்த நொடியே கையிலிருப்பதை இறக்குவாள். காத்திருப்பது வேறு, நின்றுபோவது வேறு. பதினோரு வருஷமாக அந்த லைனை ஓட்டும் ஷவ்கிக்கு, அதாவது எனக்கு, இது தெரியாமலில்லை.

அவளைச் சுற்றிக் கம்பிக் கூண்டு, அதற்கு ஒரு கதவு. கதவில் ஓர் எஃகு நாக்கு இருக்கும். அது சட்டத்திலிருக்கும் சிறு பெட்டியின் வாய்க்குள் நுழைந்தால்தான் லைன் ஓடும். கதவைத் திறந்தால் நாக்கு வெளியே வரும், எல்லாம் நின்றுவிடும். நின்றால் மறுபடி ஓடவைக்க இருபது நிமிடம் ஆகும். இருபது நிமிடத்துக்கு யாருக்குப் பொறுமை இருக்கிறது? கழிவுத் தகட்டை வெட்டி, அரம் போட்டு, அதே அளவில் தனி நாக்கு செய்தேன். ஷிப்ட் தொடங்கும்போதே கதவின் நாக்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு என்னுடையதைப் பெட்டியில் சொருகிவிடுவேன். அப்புறம் கதவு திறந்தாலும் மூடினாலும் பெட்டிக்கு ஒன்றும் தெரியாது.

மொத்தம் ஏழு நாக்குகள் செய்தேன். எனக்கு ஒன்று, மற்ற ஐந்து லைன்காரர்களுக்கு ஐந்து. ஏழாவதை என் அக்கா மகன் ஹம்தி அலெக்ஸாண்ட்ரியாவில் வேலை கிடைத்துப் போனபோது, நன்றாகப் பாலிஷ் போட்டு, தாய்மாமன் சீராகக் கொடுத்தேன். அங்கேயும் இதே கம்பெனிப் பெட்டிதான். பெருமையாக இருந்தது எனக்கு.

வாகீமுக்கு மட்டும் அது கட்டோடு பிடிக்காது. வாகீம் எங்கள் பிரஸ்களுக்கு அச்சு மாட்டும் ஆள், என் வயதுதான். அன்றைக்கு மத்தியானம் ஷிப்ட் தொடங்கும்போது நான் நாக்கைச் சொருகுவதைப் பார்த்துவிட்டான்.

"நீ திருந்தவே மாட்டியா, ஷவ்கி?"

"உனக்கு பயமா இருந்தா போய் கேக் கடையில வேலை பாருய்யா. கிரீம் பூசு. கை சுடாது."

"எனக்குக் கை இருக்கணும்னு ஆசை. உனக்குக் கை எதுக்கு? வாய் ஒண்ணே போதுமே, ஊரை ஓட்டிடுவியே."

"இந்த மாதிரி அபசகுனமா பேசிக்கிட்டு என் லைன் பக்கம் வராதே. இன்னிக்கு சாயந்தரமும் வரவேண்டாம்."

"அப்போ நீ நோன்பு திறக்கப் போறப்போ லைனை யாரு பாத்துப்பாங்க?"

"மாமியார் பாத்துக்குவா. உன் தயவு எனக்கு வேண்டாம்."

நோன்பு வாய் எரிச்சல் பிடித்தது. அதோடு எனக்கு இயற்கையாகவே நாக்கில் கொஞ்சம் விஷம் உண்டு. வாகீம் முகம் கறுத்துப்போய் நகர்ந்தான். நான் சொன்னது எவ்வளவு பெரிய வார்த்தை என்று எங்கள் ஆஷிர் தொழிற்பேட்டையில் எவனைக் கேட்டாலும் சொல்வான். நோன்பு திறக்கும் நேரத்தில் மற்ற லைன்களை நிறுத்திவிடலாம். என் லைனின் உலை கிழட்டு உலை. நிறுத்தினால் உள்ளே துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் பதினோரு ரமலானாக, மாலைத் தொழுகையின் பாங்குக்கு முன்னால் வாகீம் வந்து பலகை முன்னால் நிற்பான். நான் பலகைத் தட்டில் வைத்திருக்கும் மூன்று பேரீச்சம்பழத்தையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்து, அங்கேயே நோன்பு திறந்துவிட்டு, சாப்பாட்டுக் கூடத்துக்குப் போவேன். இந்த வருஷம் வாகீம் போன்ற கிறிஸ்தவர்களின் பெரிய நோன்பும் சேர்ந்து வந்திருந்தது. எண்ணெய் ஊற்றிய மொச்சையைத் தவிர வேறெதையும் தொடாத மனிதன், நான் இறைச்சி சாப்பிட்டு வரும்வரை என் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வான்.

பாங்குக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது ஒரு வளையம் மேசையில் சிக்கிக்கொண்டது. மாமியார் அடுத்ததைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். மஞ்சள் விளக்கு. கொட்டகையில் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். வாகீம் வரவில்லை. எவன் வேண்டும் எனக்கு என்று குறடை எடுத்துக்கொண்டு கூண்டுக்குள் நுழைந்தேன். மாடி ஜன்னலிலிருந்து இன்ஜினியர் நிவீன் பார்த்துவிடப் போகிறாளே என்று கதவையும் இழுத்துச் சாத்தினேன்.

குனிந்து, குறடால் வளையத்தைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. முழு பலத்தோடு இழுத்தேன். சட்டென்று விடுபட்டு, குறடும் வளையமும் என் கையை விட்டுப் போய், அந்தப் பக்கம் விழுந்தன.

தலைக்கு மேல் ப்ரேக் விடுபடும் சத்தம் கேட்டது. யோசித்துச் செய்யவில்லை, இடது உள்ளங்கையால் ஒளிக்கண்ணை அறைந்து மூடினேன். மாமியார் நின்றாள். எட்டுக் கிலோ சிவந்த இரும்பு என் முதுகுக்கு மேல் ஒரு முழ உயரத்தில் இருந்தது. சட்டை சூடாவது தெரிந்தது.

அப்போதுதான் நான் எங்கே நிற்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. ஒரு பக்கம் மேசை, ஒரு பக்கம் பிரஸ். வெளியே போக வேண்டுமென்றால் அவள் கையின் கீழே மூன்று எட்டு வைக்கவேண்டும். உள்ளங்கையை எடுத்தால் அவள் இறங்க முக்கால் நொடி. சிவப்புப் பொத்தான் கூண்டுக்கு வெளியே, பலகையில்.

கத்தினேன். விடியலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காத தொண்டை. காற்று மட்டும்தான் வந்தது. வந்திருந்தாலும் உலை ஊதியின் இரைச்சலில் என் காதுக்கே எட்டியிருக்காது. கம்பத்தைக் காலால் உதைத்தேன். யார் கேட்பது?

வலது கையில் மட்டும் இருந்த கையுறையைப் பல்லால் கழற்றி ஒளிக்கண்ணின்மேல் மாட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. கையுறையை உள்ளங்கைக்கு அடியில் நுழைத்து, மெதுவாக, விரல் விரலாக எடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. கையுறை வழுக்கியது. மாமியார் ஒரு சாணுக்கு மேல் இறங்கினாள். மறுபடி அறைந்து மூடினேன். இப்போது அந்த வளையம் என் வலது தோளுக்கு நான்கு விரல்கடை தூரத்தில் இருந்தது. தோள் வேகும் வாடை எனக்கே வந்தது. இன்னொரு முறை அந்த வித்தையைச் செய்ய எனக்குத் துணிவில்லை.

கூண்டின் தகரத் தடுப்புக்கும் தூணுக்கும் நடுவே ஒரு இடுக்கு உண்டு. அது வழியாகப் பலகையும், அதற்கப்பால் திறந்த ஷட்டரும், தூரத்துப் பள்ளிவாசல் மினாராவும் தெரிந்தன. மினாராவின் பச்சை விளக்கு எரிந்தது. பாங்கு. ஊரே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

வாகீம் வரவேண்டும் என்று இறைவனைக் கெஞ்சினேன். அடுத்த மூச்சிலேயே, வரக்கூடாது என்று கெஞ்சினேன். ஏனென்றால் மஞ்சள் விளக்கைப் பார்த்தால் நாங்கள் எல்லாரும் செய்வது ஒன்றே ஒன்றுதான். பச்சைப் பொத்தானை ஒருமுறை அமுக்குவோம். அவள் கண்ணை மறுபடி சோதிப்பாள். விளக்கு மாறவில்லையென்றால் இரண்டாம் முறை அமுக்கிப் பிடிப்போம். ஐந்து நொடி பிடித்தால், கண் என்ன சொன்னாலும் சட்டை செய்யாமல், கையிலிருப்பதைக் கழிவுத் தொட்டியில் போட வீசித் திரும்புவாள். கழிவுத் தொட்டி எனக்குப் பின்னால் இருந்தது. நடுவில் என் தலை.

இடுக்கில் நீலச் சட்டை தெரிந்தது. வாகீம்.

காதில் இரைச்சல் தடுப்பு மாட்டியிருந்தான். கதவைப் பார்த்தான்; சாத்தியிருந்தது. விளக்கைப் பார்த்தான், மஞ்சள். நான் வாயைத் திறந்தேன், காலை உதைத்தேன், தலையைக்கூடக் கம்பத்தில் முட்டினேன். அவன் பச்சைப் பொத்தானை அமுக்கினான்.

மேலே ப்ரேக் 'க்ளிக்' என்றது. மாமியார் உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. உள்ளங்கையைக் கண்ணாடிக்குள்ளேயே புதைத்துவிடுவதுபோல் அழுத்தினேன். நின்றாள். விளக்கு மஞ்சளாகவே இருந்தது.

வாகீமின் விரல் மறுபடி பச்சைப் பொத்தானுக்குப் போனது. அதன்மேல் உட்கார்ந்தது. என் மனைவி சனாவின் முகம்கூட நினைவுக்கு வரவில்லை. அந்த விரலை மட்டுமே பார்த்தேன். நகத்தில் இருந்த கிரீஸ்கூடத் தெரிந்தது.

விரல் அமுக்கவில்லை.

அவன் பலகைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். காகிதத்தின்மேல் மூன்று பேரீச்சம்பழம். மூடி திறக்காத பாட்டில். தலையைத் திருப்பி மினாராவைப் பார்த்தான், மறுபடி பாட்டிலைப் பார்த்தான். பிறகு கையைத் தூக்கி, முஷ்டியால் சிவப்புப் பொத்தானை ஓங்கிக் குத்தினான்.

உலை ஊதியின் இரைச்சல் அடங்கியது. பிரஸ் அடங்கியது. மாமியார் செத்த மாதிரி நின்றாள். அந்த அமைதியில் அவன் குரல் உடைந்து வந்தது.

"ஷவ்கி! உள்ள இருக்கியா? ஷவ்கி!"

கையைக் கண்ணாடியிலிருந்து எடுக்க முடியவில்லை. எல்லாம் நின்றுவிட்டது என்று தெரிந்தும் எடுக்க முடியவில்லை. அவன்தான் உள்ளே வந்து விரல் விரலாகப் பிரித்து எடுத்தான். வெளியே இழுத்து உட்காரவைத்து, பாட்டிலைத் திறந்து வாயில் வைத்தான்.

"குடி. பாங்கு சொல்லி நேரமாச்சு."

பாதி குடித்தேன், பாதி மார்பில் கொட்டியது. "வரமாட்டேன்னு நினைச்சேன்," என்றேன்.

"நீ வராதேன்னா நான் வராம இருக்கணுமா? நீ என்ன என் மாமனாரா?" "பாங்கு சொன்னப்புறம் நீ தண்ணியைத் திறக்காம எங்கயும் போகமாட்ட. உன்னை எனக்குத் தெரியாதா?" பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "நான் ஒருதடவை அமுக்கிட்டேன், ஷவ்கி," என்றான்.

"தெரியும். பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"ரெண்டாவதுக்கும் விரலை வச்சிட்டேன்."

"அதையும் பாத்தேன்."

அவன் தொடையில் அறைந்துகொண்டு அழுதான். பதினோரு வருஷத்தில் வாகீம் அழுது நான் பார்த்ததில்லை. அவனை என் கையால் கொலைகாரனாக்கப் பார்த்தேனே என்று எனக்குத் தோளைவிட நெஞ்சு எரிந்தது. எழுந்து போய்ப் பெட்டியின் வாயிலிருந்து என் நாக்கைப் பிடுங்கினேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் சூப் ஆவி பறந்தது. ஐந்து லைன்காரர்களும் ஒரே மேசையில் இருந்தார்கள்.

"எங்கய்யா போன?" என்றான் நான்காம் லைன் ஃபக்ரி. "மாமியாரோட குடும்பம் நடத்திக்கிட்டு இருந்தியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் நாக்கை மேசைமேல் வைத்தேன். திரும்பி நின்று தோளைக் காட்டினேன். சட்டைத் துணி சதையோடு ஒட்டியிருந்தது. சிரிப்பு நின்றது.

"நான் குடுத்ததை எல்லாம் எடுங்க," என்றேன். "கதவு நாக்கைத் திரும்ப மாட்டிட்டு அப்புறம் லைனை ஓட்டுங்க."

ஒவ்வொருவராக எழுந்து லைனுக்குப் போய் வந்தார்கள். பேரீச்சங்கொட்டைகளுக்கு நடுவே ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. ஃபக்ரிதான் கடைசி. ஆறு.

கைபேசியை எடுத்தேன். எண்ணைத் தவறாகப் போட்டேன். வாகீம் வாங்கிப் போட்டுக் கொடுத்தான். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டோம். யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை பாதியில் எடுத்தான், வாயில் சோறு.

"மாமா! ரமலான் கரீம்!"

"ரெண்டு கையும் இருக்காடா?"

ஹம்தி சிரித்தான். "என்ன கேள்வி மாமா இது? ஒண்ணுல போன், ஒண்ணுல கரண்டி."

"நான் குடுத்த நாக்கு எங்க?"

"பெட்டியிலதான் இருக்கு, வேற எங்க? ஒரு வளையம் சிக்கிக்கிச்சு மாமா. மெஷின் காத்துக்கிட்டு நிக்குது. ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு உள்ள போய் எடுத்துட்டு வந்து கூப்பிடறேன்."

"உக்காருடா," என்றேன். "எந்திரிக்காதே. கரண்டியைக் கீழ வைக்காதே."

"ஏன் மாமா, குரல் ஏன் இப்படி இருக்கு?"

இடது உள்ளங்கையைப் பார்த்தேன். நடுவில் நகம் அளவுக்கு ஒரு வட்டத் தடம் இன்னும் சிவந்திருந்தது. அதிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.