மூன்றாவது பொத்தான்

இந்தப் பள்ளிக்கூடத்தில் எது காணாமல் போனாலும் முதலில் எனக்குத்தான் மூக்கில் வேர்க்கும். சீருடை தைப்பதற்குத்தான் சம்பளம். துப்பறிவது என் சொந்தச் செலவு. விடுதியில் போர்வை திருடியவளையும், கோப்பையை உடைத்துவிட்டுப் பூனைமேல் பழி போட்டவளையும் பிடித்துக் கொடுத்தது நான்தான். பிள்ளைகள் என்னை ஊசியக்கா என்பார்கள். அதில் எனக்குப் பெருமைதான், பொய் சொல்வானேன்.

அன்று பிரின்ஸிபாலின் அலமாரியிலிருந்து இறுதித் தேர்வுத் தாள் திருடு போயிருந்தது. அலமாரிக்குள் ஒரு கோட்டுப் பொத்தான் கிடந்தது. இந்தப் பணக்காரப் பள்ளியில் இலவசமாகப் படிக்கிற ஒரே பெண்ணின் கோட்டில் மூன்றாவது பொத்தான் இல்லை. அவ்வளவுதான், திருடி கிடைத்துவிட்டாள். படிப்பு முடிய இரண்டே மாதம் இருக்கும்போது அவளை மதியத்துக்குள் நீக்கிவிடப் போகிறார்கள்.

பிரின்ஸிபால் அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தாள். "பட்டன் போன வாரமே பஸ்ல விழுந்துடுச்சுக்கா. சத்தியமா நான் எடுக்கலை."

"அழாதே. நான் உள்ள போயிட்டு வந்ததும் நீ நேரா கிளாஸுக்குத்தான் போற," என்றேன்.

சும்மா வாய்ச்சவடால் இல்லை. என் கையில் இன்னொரு கோட்டு இருந்தது. காலையில்தான் தாளாளரின் மகள் அதை என் மேஜைமேல் வீசிவிட்டுப் போயிருந்தாள். அதிலும் மூன்றாவது பொத்தான் அறுந்திருந்தது.

உள்ளே போய்க் கோட்டை விரித்தேன். பிரின்ஸிபால் உறையிலிருந்து பொத்தானை எடுத்து வைத்தார். அதன் துளைகளில் நீல நூல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாருங்க மேடம். நீல நூல், குறுக்கும் நெடுக்கும் போட்டு அடியில மூணு முடிச்சு. இது என் கைத் தையல். தாளாளர் பொண்ணோட இந்தக் கோட்டுல அறுந்த மிச்சமும் அதேதான். வெளியில இருக்கிற பொண்ணு கோட்டுக்கு அவங்கம்மா கறுப்பு நூல்ல நேர்க்கோடா தைச்சிருக்காங்க."

பிரின்ஸிபால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "அடேயப்பா! இது போலீஸுக்குக்கூடத் தோணாதே. வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல மேடம். முதல்ல உங்ககிட்டதான்."

மண்டு, மண்டு. அந்த நேரத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மேஜை டிராயரிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்தார். பொத்தானில் இருந்த நூலை நறுக்கி, உள்ளங்கையில் வைத்து ஊதினார். வெறும் பொத்தானை உறைக்குள் போட்டு ஒட்டினார். பிறகு கோட்டை என் பக்கம் தள்ளினார்.

"உங்க டப்பாவுல புதுப் பட்டன் இருக்குமே, இங்கயே உக்காந்து தைச்சுடுங்க. பின்னாடி ஸ்கூல் குவார்ட்டர்ஸ்லதானே இருக்கீங்க? வீட்டுக்காரர் இன்னும் படுத்த படுக்கைதானா?"

டப்பாவைத் திறந்தேன். ஊசியில் நூல் கோக்கவே மூன்று தடவை ஆனது. மனசுக்குள் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கை பாட்டுக்குக் குறுக்கும் நெடுக்கும் போய் அடியில் மூன்று முடிச்சு போட்டது.

"நீட்டா இருக்கு," என்றார் பிரின்ஸிபால்.

கதவைத் திறந்ததும் அந்தப் பெண் எழுந்து நின்றாள். முகத்தைக் கழுவிக்கொண்டு, வகுப்புக்குப் போகப் பையையும் மாட்டித் தயாராக இருந்தாள்.

"சொல்லிட்டீங்களாக்கா?"

"ஒரு பட்டனைப் பத்திரமா வெச்சுக்கத் துப்பில்ல, உனக்கெல்லாம் எதுக்குடி இந்த ஸ்கூலு?" என்று கத்தினேன். உள்ளே கேட்கட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகக் கத்தினேன்.