வாவியில் விடாத தண்ணீர்

“அந்தத் தண்ணிய என்ட மனிசன்ட மேலுல ஊத்த விடமாட்டன்!” சின்னத்தங்கம் கிணற்றுக்கட்டை மறித்து நின்று கத்தினாள்.

“சும்மா கத்தாதீங்க மச்சாள். பெர்மிட் எடுத்துத்தான் மில் நடத்துறன். வாவிக்குள்ள ஒரு சொட்டு விடப்படாதெண்டு அதில கிடக்கு. விட்டனா? சொல்லுங்க!” என்றார் கொழுந்தன்.

விடவில்லைதான். அழகரத்தினம் சட்டத்தை மதிக்கிற மனிதர். மில்லில் நெல் ஊறவைத்து அவித்த தண்ணீர் முன்பெல்லாம் குழாய் வழியே வாவிக்குப் போனது. பெர்மிட் வந்ததும் குழாயை வெட்டி, அண்ணன் கோணாமலையின் வேலியோரம் குழி தோண்டித் திருப்பிவிட்டார். வாவி தப்பியது. அண்ணன் வீட்டுக் கிணறு மஞ்சளாகி, புளித்த கஞ்சியில் எலி செத்துக் கிடந்ததுபோல் நாறியது. பெர்மிட்டில் கிணற்றைப் பற்றி ஒன்றும் இல்லையாம்.

கோணாமலை ஒருநாளும் தம்பியைக் கேட்கவில்லை. பாசம் என்றார்கள், பயம் என்பாரும் உண்டு. இன்று விடியற்காலை நெஞ்சுவலியில் போய்விட்டார்; அவரைக் குளிப்பாட்டத்தான் தண்ணீர் வேண்டும்.

இருட்டுமுன் அடக்கம் முடியாவிட்டால் இராணுவச் சென்ட்ரியில் றோட்டை மூடிவிடுவார்கள். நல்ல தண்ணீர் தேடித் தன்னாமுனைப் பக்கம் போய்வந்த பீப்பாவை, உள்ளே குண்டு இருக்குமோ என்று சிப்பாய்கள் றோட்டிலேயே கவிழ்த்துவிட்டார்கள்.

கோணாமலையின் மகள் அன்னப்பூரணி முன்னுக்கு வந்தாள். வாளியில் கிணற்றுத் தண்ணீரை அள்ளிச் சித்தப்பாவின் முன்னால் வைத்தாள்.

“நல்ல தண்ணியெண்டா முதல்ல நீங்க தலையில ஊத்துங்க, சித்தப்பா.”

அழகரத்தினம் வாளியைத் தூக்கினார். அது மார்புவரை வந்தது. முகம் கோணியது. கீழே வைத்துவிட்டார்.

“எனக்குத் தடிமன் புள்ள, மூக்கால ஓடுது.”

ஒருவரும் சிரிக்கவில்லை. செத்தவீடல்லவா.

அன்னப்பூரணி குடத்தோடு வாவிக்கு இறங்கினாள். கடல் கலந்த தண்ணீர் உப்புக் கரித்தது. ஆனால் அடியில் மணல் தெரிந்தது. அவள் கொண்டுவந்து கொடுக்கக் கொடுக்க, ஆண்கள் அப்பாவைக் குளிப்பாட்டினார்கள். அழகரத்தினம் அவள் பக்கம் குனிந்தார்.

“பாத்தியா புள்ள, வாவி எவ்வளவு சுத்தமா இரிக்கி.”

அவள் அடுத்த குடத்துக்குப் போனாள்.

முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிய, சின்னத்தங்கம் நாவற்குடாவில் தங்கச்சி வீட்டோடு போய்ச் சேர்ந்தாள். அவள் விட்டுப்போன வீட்டு வளவை அழகரத்தினமே வாங்கினார். பெர்மிட் புதுப்பிக்க வரும் உத்தியோகத்தரின் அக்கா மகனுக்கே தன் மகளையும் கட்டிக்கொடுத்தார். அன்னப்பூரணி களுவாஞ்சிக்குடியில் ஓர் அலுவலகக் கிளாக்கரைக் கட்டினாள். போன முதல் நாளே, குளிக்க அள்ளிய தண்ணீருக்குள் முகத்தை விட்டு மோந்து பார்த்தாளாம். மாமியாருக்கு அது இன்னும் ஆறவில்லை.