தகரடப்பாவின் காது

அவளுக்கு ஆட்டம் பாட்டம் என்றால் உயிர். இது வீட்டுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும். வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கு மட்டும் தெரியாது. அங்கே அவளுக்குப் பெயர் காது மேடம். காது மூக்கு தொண்டைப் பிரிவில், கடைசி அறையில், சத்தம் புகாத ஒரு கூண்டும் ஒரு மிஷினும் அவள் பொறுப்பு. கூண்டுக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பாள். வெளியே உட்கார்ந்து மெல்லிய சத்தங்களை ஒவ்வொன்றாக அனுப்புவாள். கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினால் அவள் மேஜையில் பச்சை விளக்கு எரியும். பதினேழு வருஷமாக இதே பிழைப்பு. நாள் முழுக்க யாருக்கும் சரியாகக் கேட்காத சத்தங்களோடு குடித்தனம் செய்கிறவளுக்கு, வாரத்தில் ஒரு நாளாவது காது நிறையக் கேட்க வேண்டும் என்று தோன்றுவதில் என்ன தப்பு?

பதிவு பண்ணின பாட்டு அவளுக்கு ஆகாது. வாசிக்கிறவன் மூச்சு வாங்குவது தெரிய வேண்டும், ஆடுகிறவளின் நெற்றி வேர்வை தெரிய வேண்டும். மரம் அறுக்கும் ரம்பத்தை வளைத்து வாசிக்கிறவரைப் பார்க்க மூன்று பஸ் மாறிப் போயிருக்கிறாள். ஒருவரை ஒருவர் தொடாமலே ஒரு மணி நேரம் சண்டை போட்டு ஆடும் புருஷன் பெண்டாட்டியை ஏழு தடவை பார்த்திருக்கிறாள். கிறுக்குத்தனம் எவ்வளவுக்கு எவ்வளவு கூடுதலோ அவ்வளவுக்கு அவளுக்குப் பிடிக்கும். "நல்லா ஆடுறவங்களையும் ஒரு தடவை போய்ப் பாரேன்டி" என்பாள் அக்கா. அக்காவும் அத்தானும் இருக்கும் வீட்டின் மாடியில்தான் அவள் குடியிருப்பு. அக்காவின் வாய்க்குப் பூட்டுப் போட அத்தானாலேயே முடிந்ததில்லை.

எல்லாக் கிறுக்கர்களிலும் அவளுக்கு உச்சம் தகரடப்பா. அது அவர் மேடைப் பெயர். சொந்தப் பெயரை அவரே மறந்திருக்கலாம். ஐம்பத்திரண்டு வயது, குச்சி உடம்பு. கோட்டு முழுக்க டப்பா மூடிகளைத் தைத்திருப்பார், ஷூ அடியில் இரும்புத் தகடு. ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு, பழைய கிடங்கு ஒன்றைச் சுத்தம் செய்து அமைத்த அரங்கில் ஆட்டம். பின்னால் நாலு பேர் வாசிப்பார்கள்: அக்கார்டியன், கிளாரினெட், டிரம், பெரிய கித்தார். தகரடப்பா ஆபீசுக்கு நேரமானவர் மாதிரி கோபமாக உள்ளே வருவார். காலி நாற்காலியோடு தகராறு செய்வார். உடம்பெல்லாம் தட்டித் தட்டி ஆடுவார். நடுவில் திடீரென்று உட்கார்ந்து ஷூ கயிற்றை ஐந்து நிமிஷம் கட்டுவார். வாத்தியக்காரர்கள் கொட்டாவி விட்டுக் காத்திருப்பார்கள். பிறகு எழுந்து, விட்ட தாளத்தை விட்ட இடத்திலேயே பிடிப்பார். சபை குலுங்கும். ஒரு வருஷமாக அவள் முன்வரிசையில் மூன்றாவது நாற்காலியில் ஆஜர். இடையில் அக்காவின் முழங்கால் வீங்கி இரண்டு ஞாயிறு போக முடியாமல் போனதில், வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்படி இருக்கையில் ஒரு புதன்கிழமை காலையில், தகர மூடிகள் இல்லாத சாதாரணச் சட்டையில் தகரடப்பாவே அவள் அறை வாசலில் வந்து நின்றார். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூட வந்தது அக்கார்டியன் வாசிக்கும் அம்மா. குழுவுக்குத் தலைவியும் அவர்தான்.

"டாக்டரம்மா, இவருக்குக் காது கேக்குதா இல்லையான்னு எனக்கு எழுத்துல வேணும்" என்றார் அக்கார்டியன் அம்மா.

"நான் டாக்டர் இல்லைங்க. சோதிக்கிறவதான். டாக்டர் கையெழுத்துப் போடுவாரு. என்ன பிரச்சினை?"

"எங்களுக்கு முதுகைக் காட்டிச் சபையைப் பார்த்து ஆடுவாரில்ல, அப்ப ரெண்டு ஞாயிறு தாளம் பின்னாடி போயிடுச்சு."

"கிளாரினெட்காரன் அவசரக்குடுக்கை. அவன் ஓடினா நானும் ஓடணுமா?" என்றார் தகரடப்பா.

"அது போகட்டும். புதுசா ஒரு ஆட்டம் வெச்சிருக்கோம். ரெண்டு ஏணிக்கு நடுவுல ஆள் உயரத்துக்குப் பலகை. இவர் கண்ணைக் கட்டிக்கிட்டு அதுமேல ஆடுவாரு. டிரம்காரர் வெண்கலத் தட்டை ஒரு தடவை அடிப்பாரு. அடிச்ச உடனே இவர் எம்பி மேல தொங்குற கம்பியைப் பிடிக்கணும். பலகையை உருவிடுவோம். காது கேக்கலைன்னா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க."

"எனக்குப் பாம்புக் காதும்மா" என்றார் அவர். பாம்புக்குக் காதே கிடையாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பக்கத்தில் நிற்பது தகரடப்பா. அவள் சிரித்து வைத்தாள்.

கூண்டுக்குள் ஆளைப் பக்கவாட்டில் உட்கார வைக்க வேண்டும். சோதிக்கிறவரின் கையும் தோளும் கண்ணாடி வழியே தெரியக் கூடாது என்பது முதல் பாடம். அவள் அவரை நேருக்கு நேராக உட்கார வைத்தாள். வேண்டுமென்று செய்யவில்லை, அந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்க்கக் கிடைத்ததை விட மனசு வரவில்லை, அவ்வளவுதான். சத்தத்துக்கும் சத்தத்துக்கும் இடைவெளி முன்பின்னாக இருக்க வேண்டும் என்பது இரண்டாம் பாடம். அதுவும் காற்றில் போயிற்று. இரண்டு குட்டை, ஒரு நெட்டை என்று அவர் ஆட்டத்தின் தாளத்திலேயே அவள் விரல் மிஷினைத் தட்டிக்கொண்டிருந்தது. அது அவளுக்கே தெரியாது.

பச்சை விளக்கு ஒன்று தப்பாமல் எரிந்தது. சத்தத்தைக் குறைத்தாள், எரிந்தது. இன்னும் குறைத்தாள், எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணையும் மூடிக்கொண்டார். நடுவில் அவளுக்குத் தும்மல் ஒன்று வந்தது. மூக்கைத் துடைத்துவிட்டுத் தொடர்ந்தாள். கடைசியில் மிஷின் போட்ட வரைபடம் பத்து வயசுப் பிள்ளையின் காதைக் காட்டியது. முப்பது வருஷம் டிரம்முக்குப் பக்கத்தில் ஆடிய காது அப்படி இருக்காது என்று வேறு யாராயிருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பாள். இவரிடம் எதுதான் மற்றவர்களைப் போல இருக்கிறது என்று அவளுக்குப் பெருமைதான் வந்தது. டாக்டர் வரைபடத்தைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

அந்த ஞாயிறு தகரடப்பா பிரமாதப்படுத்தினார். ஒரு அடி பிசகவில்லை. அடுத்த ஞாயிறு பலகை ஆட்டம் என்று அக்கார்டியன் அம்மா அறிவித்தார். சபை கைதட்டியது. அவள் எல்லோருக்கும் மேலாகத் தட்டினாள்.

மிஷின் ஒரு காகிதச் சுருளும் அச்சடிக்கும். மேல்வரியில் அனுப்பிய சத்தம், கீழ்வரியில் அழுத்திய பட்டன். அவர் சுருளுக்கு ஒரு நகல் எடுத்துத் தன் கைப்பையில் வைத்திருந்தாள். அது சட்டப்படி தப்பு. ஆட்டக்காரரின் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொள்கிற ஆசையில் செய்தது. திங்கட்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில், ரசிப்பதற்காக அதை எடுத்து விரித்தாள். ஒரு இடத்தில் மேல்வரி வெறுமையாக இருந்தது. தும்மிய இடம். சத்தமே போகவில்லை. கீழ்வரியில் பட்டன் மட்டும் தாளம் தப்பாமல் அழுத்தப்பட்டிருந்தது.

சாப்பாட்டை ஒதுக்கி வைத்தாள். சுருளை முழுக்க உருட்டிப் பார்த்தாள். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. நுனி முதல் அடி வரை அதேதான். அவர் எதையும் கேட்டு அழுத்தவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அசைந்தவளைப் பார்த்துத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு, ஆட்டத்தில் உடம்பைத் தட்டுவது போலப் பட்டனைத் தட்டியிருக்கிறார்.

இரண்டு நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. கதை சொல்வதில் இதை ஒளிக்க வேண்டியதில்லை. அவளுக்கு முதலில் வந்த நினைப்பு, சும்மா இருந்துவிடலாம் என்பதுதான். சொன்னால் தகரடப்பா மேடையை விட்டு இறங்க வேண்டும், அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகளும் அவரோடு இறங்கிவிடும். சொல்லாவிட்டால் ஆள் உயரத்திலிருந்து கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் விழுவார். ஒருவேளை விழாமலும் போகலாம். அந்த 'ஒருவேளை'யைப் பிடித்துக்கொண்டு இரண்டு ராத்திரி புரண்டு படுத்தாள். புதன்கிழமை தன்மேலேயே அருவருப்பு வந்தது. மிஷினில் கோளாறு, மறுபடி வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

வியாழக்கிழமை அவர் தனியாக வந்தார். இந்தத் தடவை அவரைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தாள். தன் விரலை நம்பவில்லை. நோயாளிப் பதிவேட்டைத் திறந்து வைத்து, பதிவு எண்களில் வரும் ஒவ்வொரு இலக்கத்தையும் எண்ணி, அத்தனை விநாடி விட்டு ஒரு சத்தம் அனுப்பினாள். ஆறு விநாடி. ஒரு விநாடி. ஒன்பது விநாடி. முதலில் விளக்கு இரண்டு குட்டை ஒரு நெட்டையாகவே எரிந்தது. சத்தம் போகாத இடத்திலெல்லாம் எரிந்தது. பிறகு தயங்கித் தயங்கி எரிந்தது. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். மிஷினின் கடைசி அளவுக்குப் பக்கத்தில் கொண்டுபோன பிறகுதான் விளக்கு சரியான இடத்தில் ஒரு தடவை எரிந்தது.

அவர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு வெளியே வந்து, அவள் உதட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தார். போன வாரமும் அப்படித்தான் பார்த்தார். தன்னைத்தான் பார்க்கிறார் என்று அவள் அன்றைக்குப் பூரித்துப் போயிருந்தாள்.

"எத்தனை நாளா சார்?"

"ரெண்டு வருஷம் இருக்கும். டிரம் காலு வழியா வரும். கிளாரினெட்டை அவன் கன்னத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பேன்."

"எங்களைப் பார்த்து ஆடும்போது? அப்ப அவங்க யாரும் உங்க கண்ணுக்குத் தெரிய மாட்டாங்களே."

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "நீங்க இருக்கீங்கள்ல. முன்வரிசை, மூணாவது நாற்காலி. உங்க தலை ஆடும் மேடம். அரை அடி பிசகாது. எங்க டிரம்காரனை விட நீங்க சுத்தம். ஒரு வருஷமா உங்க தலையைப் பார்த்துத்தான் ஆடுறேன். நடுவுல ரெண்டு வாரம் நீங்க வரல. மானம் போச்சு."

தன் தலை ஆடும் என்பதே அவளுக்குத் தெரியாது. "அப்புறம் எதுக்கு சார் கண்ணைக் கட்டிக்கிற ஆட்டத்துக்கு ஒத்துக்கிட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"முடியாதுன்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு சொன்னா வீட்டுக்குப் போன்னு சொல்லுவாங்க. பலகை அதிரும்னு நினைச்சேன்." பிறகு, "எழுதப் போறீங்களா?" என்றார்.

"எழுதணும் சார்."

அவர் கெஞ்சவில்லை. எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். கெஞ்சியிருந்தால் எழுதாமல் விட்டிருப்போமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

புது வரைபடத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், தப்பு மிஷினில் இல்லை, தன்னிடம்தான் என்று சொன்னாள். எதிரே உட்கார வைத்ததையும் ஒரே தாளத்தில் தட்டியதையும் சொன்னாள். "பதினேழு வருஷ அனுபவம்னு வேற சொல்லிக்கிறீங்க" என்றார் டாக்டர். வாங்கிக் கட்டிக்கொண்டாள். சாயங்காலமே கிடங்குக்குப் போய் அக்கார்டியன் அம்மாவிடம் காகிதத்தைக் கொடுத்தாள்.

அந்த அம்மா அதைப் படித்து மடித்து வைத்தார். "பலகை ஆட்டம் போச்சு. சரி. தரையில ஆடலாமா, அதைச் சொல்லுங்க" என்றார்.

"ஆடலாம்."

"முதுகைக் காட்டும்போது?"

"அதுக்கு நான் வருவேன்" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். விவரத்தை அவள் சொல்லச் சொல்ல, கேட்டு முடித்துவிட்டு, "அப்ப லீவு எடுக்காம வாங்க" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா தானும் வருவேன் என்று கிளம்பினாள். முழங்கால் சரியான சந்தோஷம். இருவரும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். தகரடப்பா கோபமாக உள்ளே வந்தார், நாற்காலியோடு தகராறு செய்தார், வாத்தியக்காரர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். அவர் கண் நேராக அவள்மேல் வந்து நின்றது.

அவள் தலையை ஆட்டினாள். இத்தனை நாள் தானாக ஆடிய தலை, இப்போது ஆட்ட வேண்டும் என்று தெரிந்ததும் கட்டையாகிவிட்டது. டிரம்மைக் கேட்டாள், எண்ணினாள், ஆட்டினாள். சபை கொல்லென்று சிரித்தபோது அவளுக்கும் சிரிப்பு முட்டியது. சிரித்தால் தலை குலுங்கும், தலை குலுங்கினால் அவர் தடுக்குவார். பல்லைக் கடித்துக்கொண்டாள். அவர் கை என்ன செய்கிறது, கால் எங்கே போகிறது, எதுவும் அவள் கண்ணில் ஏறவில்லை. எண்ணிக்கைதான் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் முடிந்தபோது அவளுக்குக் கழுத்து விறைத்திருந்தது. ஆட்டத்தில் ஒரு அடி பிசகவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள்.

வெளியே வரும்போது அக்கா சொன்னாள்: "உன்னைக் கிண்டல் பண்ணினதெல்லாம் வாபஸ்டி. இப்படி ஒரு மனுஷனை நான் பார்த்ததே இல்ல. அந்த நாற்காலி மேல ஏறி நின்னு ஒண்ணு பண்ணினாரே, அது என்ன, புதுசா? எப்பவும் பண்ணுவாரா?"

"நாற்காலி மேல ஏறினாரா?" என்றாள் அவள்.