லோர்ன் பெல்யேவின் ஓட்டு

வில்மட் பெல்யே பிறவி லிபரல். அவருடைய அப்பா லிபரல், தாத்தா லிபரல். எதிர்க்கட்சியான டோரிக்காரன் விற்றால் பசுமாட்டைக்கூட வாங்காத குடும்பம் என்று டிப்பெட் துறையில் பெயர் வாங்கியிருந்தார்கள். படகுத்துறைக்குப் போகும் மேட்டில் அவருடைய சவரக் கடை இருந்தது. கண்ணாடிக்கு மேலே இரண்டு படங்கள். ஒன்று கட்சித் தலைவருடையது. தலைவர் மாறினால் படமும் மாறும். மற்றது ராணியுடையது. அந்த ஆணியில் அதற்கு முன் தொங்கியவர் ராணியின் அப்பா. வேறு யாருக்கும் அந்த ஆணியை அவர் கொடுத்ததில்லை.

எதிர்ச்சாரியில் தீவனக் கடை வைத்திருந்த ஹேசன் பர்டி ஊரின் முதல் டோரி. முப்பது வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் வில்மட்டிடம்தான் சவரம் செய்துகொள்வார்.

"லிபரல்காரன் கடையில ராணிக்கு என்னடா வேலை?" என்பார், முகமெல்லாம் நுரையோடு.

"அவங்களுக்கு ஓட்டும் கிடையாது, கட்சியும் கிடையாது. அதனாலதான் மாட்டி வச்சிருக்கேன். நீங்கதான் அவங்களை டோரி மீட்டிங்குக்கு இழுத்துட்டுப் போறீங்க. ஆடாதே, கத்தி கழுத்துல இருக்கு."

"வெட்டு, வெட்டு. ஒரு டோரி ஓட்டு குறையும்."

"ஒரு வாடிக்கையும் குறையுமே. அதான் யோசிக்கிறேன்."

வில்மட்டின் அரசியல் அவ்வளவு எளிமையானது. மந்திரிகள் குடித்தனக்காரர்கள், வருவார்கள், சுவரில் ஆணி அடிப்பார்கள், போவார்கள். வீட்டுக்கு நிரந்தரமாக ஒருவர் வேண்டும், அவர் யாரிடமும் ஓட்டுக் கேட்டு நிற்கக்கூடாது. நல்ல குடித்தனக்காரன் லிபரல், மோசமானவன் டோரி. இதில் அவருக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

அவருடைய ஒரே மகன் லோர்ன் இத்தாலியில், ஒர்த்தோனாவுக்கு அருகே, நாற்பத்து மூன்றாம் வருஷம் டிசம்பரில் இறந்தான். கடைக்கு வருகிறவர்களிடம் வில்மட் அந்தக் கதையை எப்போதும் ஒரே மாதிரிதான் சொல்வார். முப்பத்தொன்பதில் அன்றைய ராஜாவும் ராணியும் இந்தப் பக்கம் வந்தபோது பதினெட்டு வயது லோர்னை ரயிலடிக்குக் கூட்டிப் போனது. கூட்டத்தில் ராஜா அவன் பக்கம் திரும்பித் தலையசைத்தது. அடுத்த வசந்தத்திலேயே அவன் பட்டாளத்தில் சேர்ந்தது. "ராஜாவை நேர்ல பாத்த கண்ணு. வீட்ல இருக்குமா?" என்று முடிப்பார். அப்போது மனைவி வெர்னா கடைக்குப் பின்கட்டில் துண்டுகளை அலசிக்கொண்டிருந்தால், தண்ணீர்ச் சத்தம் மட்டும் கொஞ்சம் நின்று மறுபடி கேட்கும்.

அறுபத்து நான்கில் வந்தது வினை. மூலையில் பிரிட்டன் கொடி பதித்த பழைய செங்கொடியை இறக்கிவிட்டுப் புதுக்கொடி ஏற்றப்போவதாகப் பிரதமர் அறிவித்தார். டோரிப் பிரதமர் என்றால் வில்மட் கடைவாசலில் நின்று கத்தியிருப்பார். சொன்னது லிபரல் பிரதமர். அவருக்குப் பல நாள் சாப்பாடு இறங்கவில்லை. தொகுதி எம்.பி.க்கு நாலு பக்கம் எழுதினார்: கொடியைத் தொடாதீர்கள், இன்று கொடி என்றால் நாளை ராணி. 'தங்கள் கருத்துக்கு நன்றி' என்று அச்சடித்த அட்டை ஒன்று பதிலாக வந்தது. அதை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். ஹேசன் கண்ணில் பட்டுவிடக் கூடாதே.

ஆனால் வெளியில் விட்டுக்கொடுக்கவில்லை. "எங்க ஆளுங்க யோசிக்காம செய்ய மாட்டாங்க," என்று ஹேசனிடம் சொன்னார். சொல்லும்போது அவர் கண் கண்ணாடிக்கு மேலே போகவில்லை.

டிசம்பரில் பார்லிமெண்டில் புதுக்கொடி நிறைவேறியது. அடுத்த வாரம் டோரிகள் பள்ளிக்கூட மண்டபத்தில் கண்டனக் கூட்டம் போட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர் மேசையைக் குத்திக் கேட்டார்: "இந்த ஊர்ப் பிள்ளை லோர்ன் பெல்யே எந்தக் கொடிக்காகச் செத்தான்? அவன் கல்லறையில் போய் இவர்கள் என்ன பதில் சொல்வார்கள்?" மண்டபம் எழுந்து நின்று கைதட்டியதாம். மறுநாள் காலை கடைக்கு வந்த முதல் ஆள் இதைச் சொன்னபோது வில்மட் சவரத்தைப் பாதியில் நிறுத்தினார். கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"ராணியை எடுத்துக்கிட்டாங்க. இப்ப என் பையனையும் எடுத்துக்கறாங்களா?"

அந்தக் கோபம் ஆறுவதற்குள் நார்மன் க்விண்டன் வந்தார். நகரத்திலிருந்து தேர்தல் வேலை பார்க்க வருகிற கட்சிக்காரர். நாற்பது வயது, நல்ல கோட்டு, மெதுவான பேச்சு. கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மிஸ்டர் பெல்யே, அவங்க உங்க பையனை மேடை ஏத்திட்டாங்க. நாம வாயை மூடிட்டு இருந்தா அவங்க சொன்னது உண்மைன்னு ஆயிடும். நீங்க பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினா போதும். தகப்பன் சொல்லுக்கு மேல எவன் பேசுவான்?"

"எனக்கு அவ்வளவு எழுத வராது."

"நான் எழுதிட்டே வந்திருக்கேன். பிடிச்சா கையெழுத்துப் போடுங்க."

அரைப்பக்கம்தான். கடைசி வரி இப்படி இருந்தது: 'என் மகன் உயிரோடிருந்தால், தன் நாட்டின் சொந்தக் கொடியின் கீழ் நிற்பதையே விரும்பியிருப்பான் என்பதை ஒரு தந்தையாக நான் அறிவேன்.' வில்மட் அதை இரண்டு தடவை படித்தார். லோர்ன் கொடியைப் பற்றி ஏதாவது சொன்னதுண்டா என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மண்டபத்தில் எழுந்ததாகச் சொன்ன கைதட்டல்தான் காதில் கேட்பது போலிருந்தது. கையெழுத்துப் போட்டார்.

வெர்னாவிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டார். ஜனவரிக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. மத்தியானம் சாப்பிட அவர் பின்கட்டுக்குப் போனபோது மேசையில் தட்டு இல்லை. பத்திரிகைதான் விரித்துக் கிடந்தது. வெர்னா ஜன்னல் ஓரம் நின்றிருந்தாள்.

"இதை நீயா எழுதினே?"

"கட்சியில எழுதிக் குடுத்தாங்க. அந்த டோரிப் பயலுக அவன் பேரை இழுத்தப்புறம் நான் சும்மா இருக்க முடியுமா, வெர்னா?"

"செத்தவங்க ஓட்டைக்கூட விடமாட்டீங்கன்னு உங்க கட்சியைப் பத்தி ஹேசன் கேலி பண்ணுவான். நான் சிரிச்சிருக்கேன். கடைசியில என் பிள்ளை ஓட்டையும் நீ போட்டுட்டியா?"

வில்மட் வாயைத் திறந்தார். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"இருபத்தஞ்சு வருஷமா அந்த ரயிலடிக் கதையை நீ சொல்றதைக் கேட்டுட்டிருக்கேன். அந்தக் கதை இல்லாட்டி உன்னால எழுந்து நடக்க முடியாதுன்னுதான் பேசாம இருந்தேன். அவன் ராஜாவுக்காகப் போகலை, வில்மட். நாப்பதாம் வருஷத் தேர்தல் ஞாபகம் இருக்கா?"

இருந்தது. ஓட்டுப்போட வருகிறவர்களைப் பனிவண்டியில் ஏற்றி வரச் சொன்னார். லோர்ன் மாட்டேன் என்றான். எனக்கு எந்தக் கட்சியும் வேண்டாம் என்றான். அன்றிலிருந்து மூன்று வாரம் வில்மட் மகனோடு பேசவில்லை. ஒரே மேசையில் உட்கார்ந்து, "உப்பை எடுக்கச் சொல்லு" என்று வெர்னாவிடம் சொன்னார்.

"மூணு வாரம் முடியற அன்னிக்கு அவன் போய்ப் பேர் குடுத்துட்டு வந்தான். ஏண்டான்னு அழுதேன். சிரிச்சுக்கிட்டே சொன்னான், 'பட்டாளத்துல யாரும் ஓட்டுக் கேக்க மாட்டாங்கம்மா'ன்னு."

அவள் பத்திரிகையை மடித்து அடுப்புக்குப் பக்கத்தில் விறகோடு வைத்தாள். பிறகு மாடிக்குப் போனாள். சாயங்காலம் தன் தலையணையையும் போர்வையையும் மாடியில் லோர்ன் இருந்த அறைக்கு மாற்றிக்கொண்டாள்.

பிப்ரவரி பதினைந்தாம் தேதி பள்ளிக்கூட வாசலில் புதுக்கொடி ஏற்ற வேண்டியவர் வில்மட்தான். க்விண்டன் அதையும் ஏற்பாடு செய்திருந்தார். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட அவருக்கு ஆசையாக இருந்தது. ஆனால் கட்சியின் கூட்டத்துக்கு வராமலிருந்து அவருக்குப் பழக்கமில்லை. முழங்கால் அளவு பனி. ஊர் முழுவதும் இரண்டு பிரிவாக நின்றது, கோவிலில் மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் நிற்பதைப் போல. வெர்னா வரவில்லை.

பழைய கொடியை இறக்கினார். கயிறு உறைந்து விறைத்திருந்ததால் கொடி விட்டுவிட்டுத்தான் இறங்கியது. அந்தப் பக்கம் ஹேசன் தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். வில்மட்டுக்கு அழுகை வரவில்லை. புதுக்கொடியை ஏற்றினார். காற்றில் அது பிரிந்தது. வெள்ளைப் பனிக்கு மேலே சிவப்பு மேப்பிள் இலை. அழகாகத்தான் இருந்தது. அசிங்கமாக இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். க்விண்டன் வந்து கையைக் குலுக்கி, "லோர்ன் பெருமைப்படுவான்," என்றார். அந்த ஆளுக்கு லோர்னின் கண் என்ன நிறம் என்றுகூடத் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை ஹேசன் வருவாரா என்று வில்மட்டுக்குச் சந்தேகம். வந்தார். நாற்காலியில் சாய்ந்தார். வில்மட் நுரை பூசி, ஒரு பக்கம் வழித்து முடித்தார்.

"ஹேசன், உங்க கூட்டத்துல பேசினானே வெளியூர்க்காரன், அவனுக்கு என் பையன் பேரு எப்படித் தெரிஞ்சுது?"

ஹேசன் கண்ணை மூடிக்கொண்டார்.

"நான்தான் எழுதிக் குடுத்தேன்."

கத்தி அவர் தொண்டையில் இருந்தது. வில்மட் அதை மெதுவாக எடுத்துத் துடைத்தார்.

"ஏண்டா?"

"கூட்டம் கை தட்டும்னு தெரியும். அவ்வளவுதான். வேற காரணம் ஒண்ணும் இல்லை." ஹேசனின் தாடை ஒரு பக்கம் வழவழப்பாகவும் ஒரு பக்கம் நுரையாகவும் இருந்தது. "நம்ம கொட்டில் கூரையில ஏறி விளையாடின பய. எனக்கு அவன் மேல பிரியம் இல்லாம இல்லை. மேடைக்கு அவன் பேரு தேவைப்பட்டுது, குடுத்துட்டேன். நீ என்ன வேணா சொல்லு."

"நான் என்னத்தைச் சொல்ல. நானும் அதைத்தானே செஞ்சேன்."

மிச்சத்தையும் வழித்துவிட்டு, சூடான துண்டால் முகத்தைத் துடைத்து, "உள்ள வா," என்றார். "என்கிட்டச் சொன்னதை அவகிட்டயும் சொல்லு."

வெர்னா மேசையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கிழவர்களும் வாசற்படியில் நின்றார்கள், ஹேசன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. ஹேசன் சொன்னார். அவள் கடைசிக் கிழங்கையும் உரித்துத் தண்ணீரில் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"உக்காருங்க ரெண்டு பேரும்."

தேநீர் ஊற்றினாள். பிறகு மாடிக்குப் போய் ஒரு கடிதத்தோடு வந்தாள். இத்தாலியிலிருந்து வந்த கடைசிக் கடிதம். வில்மட் அதை ஒரே ஒரு தடவை படித்திருக்கிறார், மரணச் செய்தி வந்த பிறகு, கண்ணீர் மறைத்த கண்ணோடு. இப்போது அவள் சத்தமாகப் படித்தாள். இங்கே ஓயாத மழை, சேறு. காலுக்கு நல்ல உறை அனுப்பு அம்மா. ஆறு உறைந்துவிட்டதா, ஹேசன் மாமா அதன் மேல் குதிரைப் பந்தயம் வைத்தாரா? அப்பாவுக்கு முதுகுவலி எப்படி? அவர் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிறார், ஒரு முக்காலி வாங்கிப் போடு. அவ்வளவுதான். ராஜா இல்லை, கொடி இல்லை, கட்சி இல்லை.

"இதுல எந்தக் கட்சிக்கு ஓட்டு இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க," என்றாள்.

ஹேசன் எழுந்து முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வில்மட் மேசையில் தலையை வைத்து அழுதார். அந்த மூன்று வாரங்களுக்குப் பிறகும் மகன் தன் முதுகை நினைத்துக்கொண்டிருந்தான் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. வெர்னா அவரைத் தடுக்கவும் இல்லை, தொடவும் இல்லை.

மார்ச்சில் வில்மட் பத்திரிகைக்குத் தானே இரண்டு வரி எழுதினார்: 'என் மகன் எந்தக் கொடியை விரும்பியிருப்பான் என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று எழுதியது தவறு.' அது ஏழாம் பக்கத்தில், மாட்டுச் சந்தை விளம்பரத்துக்குக் கீழே வந்தது. க்விண்டன் அதன் பிறகு கடைக்கு வரவில்லை. கட்சியின் ஊர்க் கமிட்டித் தலைவராக இருந்த வில்மட்டை எடுத்துவிட்டு வேறு ஒருவரைப் போட்டார்கள்.

நவம்பரில் தேர்தல் வந்தது. வில்மட் லிபரலுக்கே ஓட்டுப் போட்டார். வேறு எங்கே போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை, யாரையும் வண்டியில் ஏற்றிப் போகவில்லை. ஜெயித்த செய்தியை ரேடியோ சொன்னபோது அவர் பின்கட்டில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெர்னா கழுவிக் கொடுத்தாள்.

"ஜெயிச்சுட்டீங்களாமே," என்றாள்.

"ஆமாம்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்கு, லோர்னின் அறைக்குப் போனாள். பேச்சு திரும்பியிருந்தது, சில நாள் சிரிப்பும்கூட. ஆனால் அந்தத் தலையணை கடைசி வரை கீழே வரவில்லை. வில்மட்டும் ஒரு நாளும் கேட்கவில்லை. ரேடியோவில் இன்னும் தொகுதி தொகுதியாக எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் அதை அணைத்துவிட்டு, மிச்சமிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கினார்.